இரண்டாவது நாற்காலி பற்றிய விசாரணை

விடுதி, அறை 22
ஜூன் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு வேளையும் பல் தேய்க்கிறேன். அதை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய் என்று அப்பா சொல்லிக் கொடுத்தார்.

போனில் எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம்தான், அதுவும் பின்னால் பதினாறு பேர் நிற்பார்கள். போன வாரம் நீ, "அடுத்த வருஷம் உயிரியல் பிரிவுதானே?" என்று கேட்டாய். நான் "ம்" என்றேன். அந்த "ம்" சரி என்ற "ம்" இல்லை அம்மா. எனக்குப் பின்னால் நின்றவள் முதுகில் குத்திய "ம்". உயிரியல் பிரிவா கணிதப் பிரிவா என்று படிவத்தில் குறித்து, பெற்றோர் கையெழுத்தோடு செப்டம்பர் 15க்குள் கொடுக்க வேண்டும். அதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்.

பள்ளியில் ரோபோ குழுவில் சேர்ந்திருக்கிறேன். எட்டுப் பேர். தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே போய், மரக்கட்டைகளை எடுத்து வந்து அலமாரியில் அடுக்குகிற ரோபோ. அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்திருக்கிறோம். எட்டுப் பேரும் சுற்றி நின்று கெஞ்சினால்தான் ஓரடி எடுத்து வைக்கும். வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்.

முதல் வாரம் எனக்கு வயர் மாட்டும் வேலை. அப்போது மின்பொறியாளர் ஆகலாம் என்றிருந்தேன். வியாழக்கிழமை பேட்டரியின் சிவப்பு வயரைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் மாட்டினேன். மாப்பிள்ளையின் வயிற்றிலிருந்து புகை வந்தது. அதன்பிறகு என்னை வயர் பக்கமே விடுவதில்லை. குழுவின் நோட்டை எழுதச் சொல்லிவிட்டார்கள். தண்டனைதான்.

அந்த நோட்டில் ஒவ்வொரு கோளாறுக்கும் நான்கு கட்டங்கள். என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், ஏன், இனி நடக்காமலிருக்க என்ன செய்வது. அவ்வளவுதான். யார் செய்தது என்ற கட்டமே கிடையாது. புகை வந்த அன்று எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா!

உன்
மகள்

•

கிளினிக்
ஜூன் 20

என் செல்லப் பால்பல்லுக்கு,

உன் "ம்" பற்றிய விளக்கம் கிடைத்தது. பதினைந்து வருடமாக உன் "ம்" எல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கிறது.

ரோபோ, கீபோ எல்லாம் நல்லதுதான். கையும் கண்ணும் ஒன்றாக வேலை செய்யப் பழகும். பல் வைத்தியருக்கு அதுதான் மூலதனம். அந்த நோக்கத்தில் செய். வயரை மாற்றி மாட்டியதைப் படித்தபோது கொஞ்சம் கவலையாக இருந்தது. இங்கே மேல்வரிசை எது, கீழ்வரிசை எது என்று குழம்பினால் நோட்டில் எழுதிச் சரிசெய்ய முடியாது.

இங்கே எல்லாம் வழக்கம்போல. ரிசப்ஷன் அக்கா டோக்கன் எண்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டு, இப்போது விரலால் காட்டுகிறாள். ஏழாம் எண் வந்தால் இரண்டு கையும் வேண்டியிருக்கிறது, டோக்கன் கீழே விழுகிறது. அப்பா அஞ்சலகத்திலிருந்து வந்ததும் சமையல். உன் கடிதத்தைத் தராசில் வைத்துப் பார்த்து, "நாலு கிராம் ஜாஸ்தி, பொண்ணுக்கு நெறைய கவலை போல" என்றார்.

உன்னுடைய நாற்காலியை, அதுதான் நோயாளியைச் சாய்த்துவைத்துப் பார்க்கும் இரண்டாவது நாற்காலியை, நேற்றுத் துடைத்துவைத்தேன். நீ பிறந்தபோதே உனக்காக வாங்கிப் போட்டது. உறை இன்னும் கிழியவில்லை. வருகிறவர்கள் எல்லோரும், "ரெண்டாவது சேருக்கு டாக்டர் எப்ப வராங்க?" என்று கேட்கிறார்கள். "இன்னும் ஏழெட்டு வருஷம்" என்கிறேன்.

ராத்திரி இனிப்பு தின்றுவிட்டு வாய் கொப்பளிக்காமல் படுக்காதே.

அம்மா

•

விடுதி, அறை 22
ஜூலை 5

அன்புள்ள அம்மாவுக்கு,

கொப்பளிக்கிறேன். பால்பல் என்று உறையின் மேலேயும் எழுதாதே. காப்பாளர் சாப்பாட்டுக் கூடத்தில் சத்தமாகப் படித்துவிட்டார். இப்போது எல்லோருக்கும் நான் பால்பல்.

பெரிய செய்தி. மாப்பிள்ளை ஒழுங்காகக் கோட்டில் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று இடது பக்கம் திரும்பிச் சுவரில் போய் முட்டும். எல்லோரும் கமாவைத்தான் திட்டினார்கள். கமா எங்கள் நிரல் எழுதுகிறவள். ஏதாவதொரு வரியில் ஒரு கமாவை விட்டுவிடுவாள், அதனால் அந்தப் பேர். அவளும் மூன்று நாள் அழுதுகொண்டே முழு நிரலையும் திருப்பி எழுதினாள். அப்படியும் முட்டியது.

எனக்கோ நோட்டு எழுதுவதைத் தவிர வேலை இல்லை. அதனால் எத்தனை மணிக்கு முட்டியது என்றும் எழுதி வைத்தேன். 4.45. 4.52. மறுநாள் 4.48, 5.05. காலையில் ஒருமுறைகூட இல்லை! ஐந்தாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். 4.43க்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து கோட்டின் மேல் விழுந்தது. மாப்பிள்ளைக்கு வயிற்றுக்கு அடியில் ஒரு கண். அந்த வெளிச்சத்தில் அதற்குக் கறுப்பும் வெள்ளையும் தெரியவில்லை. கண் கூசியிருக்கிறது, பாவம். கமாவின் மேல் ஒரு தப்பும் இல்லை.

கமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீ போலீஸா போயிடுடீ" என்றாள். போலீஸ் வேண்டாம். ஆனால் அந்த 4.43 மணி இருக்கிறதே, அம்மா, அதுபோல ஒரு சந்தோஷம் எனக்கு எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை.

வெளிச்சம் புகாத மெல்லிய தாள் ஏதாவது கிளினிக்கில் இருக்கிறதா? மாப்பிள்ளைக்குப் பாவாடை தைக்க வேண்டும்.

உன்
மகள்

•

கிளினிக்
ஜூலை 11

பால்பல்லுக்கு (உள்ளே மட்டும்),

பழைய எக்ஸ்ரே பிலிம் உறைக்குள் இருக்கும் கறுப்புத் தாள் பன்னிரண்டு அனுப்பியிருக்கிறேன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதால் சும்மா கிடந்தன. இரண்டாக மடித்துப் போடு, ஒற்றையாக இருந்தால் ஓரத்தில் கசியும்.

நீ செய்தது நோய் கண்டுபிடிப்பு என்பதைக் கவனித்தாயா? எப்போது வலிக்கிறது, எதைச் சாப்பிட்டால் வலிக்கிறது என்று நானும் இதையேதான் நாள் முழுக்கக் கேட்கிறேன். ஆக, நீ சரியான பாதையில்தான் வருகிறாய்.

ஒரே மாதத்தில் மின்பொறியாளர் வேலையை விட்டுவிட்டாய், போலீஸ் வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டாய். அடுத்த ராஜினாமா எப்போது?

அம்மா

பி.கு.: பாவாடை போட்டபிறகு இடது பக்கம் திரும்புகிறதா இல்லையா என்று மறக்காமல் எழுது. ரிசப்ஷன் அக்கா கேட்கச் சொன்னாள்.

•

விடுதி, அறை 22
ஆகஸ்ட் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

ரிசப்ஷன் அக்காவிடம் சொல், திரும்பவில்லை. பாவாடை பிரமாதம்.

போட்டி முடிந்தது. பதினொரு அணிகளில் ஆறாவது இடம். நான்கு கட்டைகளை அழகாக அடுக்கிவிட்டு, ஐந்தாவதோடு அலமாரிக்கு ஒரு சாண் முன்னால் மாப்பிள்ளை நின்றுவிட்டது. அதிர்ஷ்டத்துக்காகக் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது.

ஆனால் எங்கள் நோட்டுக்குப் பரிசு! நடுவராக வந்த அம்மாள் அதை முக்கால் மணி நேரம் படித்தார். மற்ற அணிகளின் நோட்டில் ரோபோவைப் படம் பிடித்து ஒட்டியிருந்தார்கள். எங்களுடையதில் முப்பத்தெட்டுக் கோளாறுகள். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ரிப்பனை யாரும்மா கட்டினது?"

"மேடம், இந்த நோட்டுல அந்தக் கட்டம் இல்ல."

அவர் நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே, "எங்க ஆபீஸ்லயும் இல்ல" என்றார். அவர் வேலை என்ன தெரியுமா? லிஃப்ட் பாதியில் நின்றால், கிரேன் சாய்ந்தால், ஏன் என்று கண்டுபிடிப்பது. அதற்கென்று ஒரு அலுவலகமே இருக்கிறதாம். போய் நாலு நாள் எல்லோரிடமும் கேட்டு, அளந்து, படம் வரைந்து, அறிக்கை எழுதுவாராம். அடுத்த லிஃப்ட் நிற்காது.

அம்மா, எனக்கு அந்த வேலைதான் வேண்டும். அதற்குக் கணிதப் பிரிவு எடுக்க வேண்டும். இதற்கு "ம்" சொல்லாமல் முழுதாகப் பதில் எழுது.

உன்
மகள்

பி.கு.: உனக்கு மட்டும். ரிப்பன் கமாவுடையது. முடிச்சு என்னுடையது.

•

கிளினிக்
ஆகஸ்ட் 9

மகளுக்கு,

முழுதாகவே எழுதுகிறேன். முடியாது.

பரிசுக்குச் சந்தோஷம். ஆனால் முக்கால் மணி நேரம் பார்த்த ஒரு அம்மாள் சொன்னதற்காகப் பதினைந்து வருட ஏற்பாட்டை மாற்றுவதா? ஊரில் லிஃப்ட் எப்போது நிற்கும் என்று காத்துக்கொண்டிருப்பது ஒரு வேலையா? பல் அப்படியில்லை. தினமும் வலிக்கும்.

உனக்காக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டேன். நீ பிறந்த வருடம், கையில் உன்னை வைத்துக்கொண்டு வாங்கினேன். அது அங்கேயே இருக்கிறது. நான் எழுதுவது அவ்வளவுதான்.

நான்கு நாள் விடுமுறைக்கு வருவாய் அல்லவா, நேரில் பேசுவோம். இல்லாவிட்டால் பேசாமலும் இருக்கலாம்.

அம்மா

•

விடுதி, அறை 22
ஆகஸ்ட் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

நான்கு நாளும் பேசாமலே இருந்தோம். "சாப்பிட்டியா?" என்று நீ ஒன்பது முறை கேட்டாய். நான் ஒன்பது முறை "ம்" என்றேன். எனக்கும் வேறு வேலை இல்லாததால் நோட்டை எடுத்துக்கொண்டு கிளினிக்கைச் சுற்றிவந்தேன். கோபப்படாமல் படி.

ஒன்று. இரண்டாவது நாற்காலியின் அடியில் ஒரு தகரப் பட்டை இருக்கிறது. படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அதில் தயாரித்த வருடமும், அதற்குக் கீழே கிளினிக்கில் பொருத்திய தேதியும் இருக்கின்றன. எனக்குப் பதினைந்து வயது. நாற்காலி நம் கிளினிக்குக்கு வந்து பதினேழு வருடம்.

இரண்டு. கீழ் அலமாரியில் ஒரு வெள்ளைக் கோட்டு. போட்டுப் பார்த்தேன். உனக்கு அது கணுக்காலைத் தொடும்.

மூன்று. வாசல் பலகையில் உன் பெயருக்குக் கீழே ஒரு வரி அளவுக்குப் பெயிண்ட் தடிப்பாக இருக்கிறது. மழையில் நனைந்திருக்கும்போது பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எழுத்து மேடு தெரிகிறது. படிக்க முடியவில்லை.

சாட்சிகள். ரிசப்ஷன் அக்கா: "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நான் டோக்கன் குடுக்கிறவ." சொல்லிவிட்டு ஆளே இல்லாத ஹாலில் பதினாலாம் எண்ணைக் கூப்பிட்டாள். அப்பா: "அதை உங்கம்மாகிட்டயே கேளு." அடுப்பில் ஒன்றும் இல்லாமலே கிளறப் போய்விட்டார்.

அம்மா, அந்த நாற்காலி எனக்காக வாங்கியது இல்லை. என்ன நடந்தது என்று மட்டும்தான் கேட்கிறேன். நோட்டில் வேறு கட்டம் இல்லை.

படிவத்தையும் இதோடு வைத்திருக்கிறேன்.

உன்
மகள்

•

விடுதி, அறை 22
செப்டம்பர் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு ஞாயிறும் போனை அப்பாவே எடுத்தார். "அம்மா பேஷண்டோட இருக்கா" என்றார். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது.

நான் அதிகமாகக் கிளறிவிட்டேனா? கமா சொல்கிறாள், "வீட்ல போய் இன்வெஸ்டிகேஷன் பண்ணா அப்படித்தான்டீ." நாற்காலி பற்றி நீ எழுத வேண்டாம். நீ சொன்னால் உயிரியல் எடுத்துக்கொள்கிறேன். கடிதம் மட்டும் எழுது. பல் தேய்க்கிறேன்.

உன்
பால்பல்

•

கிளினிக்
செப்டம்பர் 9

விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

உங்கள் நோட்டின் முறைப்படியே எழுதுகிறேன்.

என்ன நடந்தது: இரண்டு பேருக்காக வாங்கிய இரண்டு நாற்காலிகளில் ஒன்று பதினேழு வருடம் காலியாகக் கிடந்தது.

என்ன நடந்திருக்க வேண்டும்: அதன் பக்கத்தில் நின்று நெட்டை வேலை செய்திருக்க வேண்டும். என்னோடு ஐந்து வருடம் கல்லூரியில் படித்தவள். கோட்டின் நீளத்தைப் பார்த்திருக்கிறாய், பெயருக்கு விளக்கம் வேண்டாம். பலகையில் இருவர் பெயரும் எழுதிக் காய்ந்திருந்தது. திறப்பதற்கு மூன்று வாரம் முன்னால், கடல் கடந்து ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துவிட்டது என்றாள். அவளுக்கும் தன் கனவு மாறியது அப்போதுதான் தெரிந்திருக்கும். எனக்கு அன்று அது புரியவில்லை. நான் போய் வழியனுப்பவில்லை.

ஏன்: நீ பிறந்ததும் பார்க்க வந்த யாரோ, "அப்ப ரெண்டாவது சேருக்கு ஆள் வந்தாச்சு" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுவரை ஒவ்வொருவருக்கும் காலி நாற்காலிக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அன்றிலிருந்து உன்னைக் காட்டினால் போதுமாக இருந்தது. சொல்லிச் சொல்லி, உன்னைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கியது போலவே எனக்கு ஞாபகமாகிவிட்டது. தகரப் பட்டையை நானும் படுத்துப் பார்த்தேன். எழுந்திருக்க ரிசப்ஷன் அக்கா கை கொடுக்க வேண்டியிருந்தது.

யார் செய்தது: இந்தக் கட்டத்தை நானே கோடு போட்டு வரைந்தேன். நெட்டையின் பெயரை எழுதினேன். பிறகு அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். அதையும் அடித்தேன். உங்கள் நோட்டில் இந்தக் கட்டம் ஏன் இல்லை என்று இப்போது தெரிகிறது.

இனி நடக்காமலிருக்க என்ன செய்தேன் என்றால், முதலில் கணிதப் பிரிவில் கையெழுத்துப் போட்டுப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். அப்பா தராசில் வைத்துப் பார்த்து, "இந்தத் தடவை லேசா இருக்கு" என்றார். நெட்டைக்கும் ஒரு கடிதம் எழுதினேன். விலாசம் பழையது, போய்ச் சேருமா தெரியாது.

நேற்றிலிருந்து ஒரு இளம் பல் வைத்தியர் வேலைக்கு வருகிறாள். இடது கைக்காரி, தட்டில் எல்லாவற்றையும் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. "மேடம், இந்த சேர்ல இதுக்கு முன்னாடி யாரு?" என்று கேட்டாள். "யாரும் இல்ல, நீதான் ஃபர்ஸ்ட்" என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகவே இல்லை.

இப்போது அவசரச் செய்தி. இன்று காலை 10.20க்கு முதல் நோயாளியை உட்காரவைத்துப் பொத்தானை அழுத்தினாள். நாற்காலி மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது. கடைசி உயரத்தில் நின்றது. கீழே வரவில்லை. வாய் நிறையப் பஞ்சோடு அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு பதினெட்டு நிமிடம் இருந்தார். ஸ்டூல் போட்டு இறக்கினோம். ரிசப்ஷன் அக்கா பொத்தானைத்தான் குறை சொல்கிறாள். அப்பா நாற்காலியை இத்தனை வருடம் சும்மாவே வைத்திருந்ததைச் சொல்கிறார். நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. நேரத்தை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது நோட்டை எடுத்து வரவும். அதுவரை நாற்காலியை யாரும் தொட மாட்டார்கள்.

இப்படிக்கு,
முதல் சாட்சி