வயிற்றுக்குள் பங்காளிகள்

1984, ஜூன் 4, திங்கள்

மேல்காற்று. கொடியில் காயப்போட்ட சட்டையெல்லாம் ஆலைத் தூசி. பால் வரவில்லை, கடுங்காப்பி.

தனத்தின் குதிகாலில் முள் குத்திய இடம் இன்னும் சீழ். அவளாகவே கடைத்தெரு மருந்துக் கடையில் காலைக் காட்டி, கேப்சூல் வாங்கி வந்திருக்கிறாள். டெட்ராசைக்ளின். பெரம்பலூர் டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "முள்ளு குத்துனதுக்கெல்லாமா பஸ் ஏறுவாங்க?" என்கிறாள். கட்டின நாளிலிருந்து இதே பேச்சு.

காலையில் வழக்கமான சண்டையும் ஆச்சு. சின்ன வயசில் வந்த மூட்டுக் காய்ச்சலில் கெட்டுப்போன இதயம் அவளுக்கு. அதற்கு டிகாக்சின் மாத்திரை. மற்றவர்களுக்கு தினம் ஒன்று போதுமாம். இவளுக்கு இரண்டு கொடுத்தால்தான் படபடப்பு அடங்குகிறது. "ஒழுங்கா முழுங்குறாங்களா, துப்பிடுறாங்களா? கவனிங்க சார்" என்று போன வருஷம் டாக்டரம்மா சொன்னார். அன்றிலிருந்து எதிரே உட்கார்ந்து விழுங்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். நாக்கைத் தூக்கு. கன்னத்தை ஒதுக்கு.

"ஆ... பாத்தாச்சா? போலீசுல சேர வேண்டிய ஆளு."

ஜூன் 9, சனி

புழுக்கம். மண்ணெண்ணெய் இல்லை. சைக்கிள் பின் டயர் மறுபடியும்.

கால் ஆறிவிட்டது, சீழே இல்லை. கேப்சூலுக்கு ஒரு கும்பிடு. ஆனால் தனத்துக்குச் சோறு இறங்கவில்லை, குமட்டல். வெயில் என்கிறாள்.

ஜூன் 11, திங்கள்

சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகலாம் என்று கிளம்பினாள், திங்களும் வெள்ளியும்தானே நடை திறப்பு. தலை சுற்றி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வெளுத்த வேட்டிய ஏன் சாயத்துல முக்குனீங்க?" சிரித்தேன். சோறும் மஞ்சள், சுவரும் மஞ்சள் என்றாள். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

தகவல் போய் விக்கிரமங்கலத்திலிருந்து அவள் தங்கச்சி வசந்தா வந்தாள். "காமாலைதான் மாமா. ஊசி கீசி போட்டுடாதீங்க, ஆள அடிச்சிடும்." கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கினாள். உப்பில்லாப் பத்தியம். நானும் தலையாட்டினேன். இங்கே யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

ஜூன் 12, செவ்வாய்

கீழாநெல்லி இரண்டு மடக்கு. வாந்தி.

இதய மாத்திரையை மட்டும் தவறவிடவில்லை, இரண்டும் கொடுத்தேன். வாயைத் திறக்கத் தெம்பில்லை அவளுக்கு. இருந்தும் திறந்து காட்டினாள்.

சாயங்காலம் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றாள். நாடி பிடித்தேன். நின்று நின்று அடித்தது. வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். விழி வெள்ளை வெளேரென்று இருந்தது. காமாலை என்றால் கண்ணல்லவா மஞ்சளாக வேண்டும்? வசந்தா என்னவோ சொன்னாள், காதில் வாங்கவில்லை. கைத்தாங்கலாகப் பிடித்துப் பெரம்பலூர் பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அவள் தலை என் தோளில். வேண்டாத சாமி பாக்கியில்லை.

ஜூன் 13, புதன். டாக்டரம்மா ஆஸ்பத்திரி.

கட்டிலுக்குக் கீழே கொசு. தனம் தூங்குகிறாள், மூச்சு சீராக.

இங்கே வந்ததும் மிஷின் வைத்து இதயத்தை எழுதிப் பார்த்தார்கள். "டிகாக்சின் கூடிப்போயி விஷமாயிடுச்சு. எத்தன குடுத்தீங்க?"

"அதே ரெண்டுதாங்கம்மா. கூட ஒண்ணு குடுக்கல."

"வேற எதாச்சும் சாப்பிட்டாங்களா?"

பையிலிருந்த கேப்சூல் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், உங்க சம்சாரம் என்னிக்குமே துப்பல. நாந்தான் தப்பா நினைச்சுட்டேன். சில பேரு குடல்ல ஒரு பாக்டீரியா இருக்கு. உள்ள போற டிகாக்சினப் பாதிக்கு மேல உடைச்சு வீணாக்கிடும். நானே சமீபத்துலதான் படிச்சேன். இந்த கேப்சூல் கால் சீழக் கொன்னுச்சு, வயித்துல இருந்த அதையும் கொன்னுடுச்சு. இப்ப ரெண்டு மாத்திரையும் முழுசா ரத்தத்துல ஏறிடுச்சு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷம் நான் எண்ணிக் கொடுத்ததில் பங்கு கேட்டு உள்ளே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது! கண்ணுக்குத் தெரியாத பங்காளிகள். அதுகள் தின்றதால்தான் இரண்டு கொடுத்தும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுகள் செத்ததும் அதே இரண்டு அவளைக் கொல்லப் பார்த்தது. கொடுத்த கை என் கை. அம்மாடி. ஒரு மனுஷி என்று நினைத்துக் கட்டினேன், அவளுக்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது. என் வயிற்றிலும் யார் யாரோ. தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 15, வெள்ளி

கஞ்சி குடித்தாள். "செவுரு வெள்ளையா இருக்குங்க." சுண்ணாம்பு அடித்து எத்தனை வருஷமான சுவரோ, அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. கழிப்பறைப் பக்கம் போய்விட்டு வந்தேன்.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன். வாய் பிளந்து கேட்டாள். வயிற்றைத் தடவி, "பாவம், அதுங்க என்னா பண்ணும், பசிதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, மேலே பார்த்தபடியே: "முழுங்குனேன் முழுங்குனேன்னு எத்தன தடவ சொன்னேன்."



ஜூன் 19, செவ்வாய். வீடு.

தூறல். தூசி அடங்கியிருக்கிறது. வசந்தா ஊருக்குப் போயாச்சு, கீழாநெல்லியைக் கொல்லையில் நட்டுவிட்டு.

இனி தினம் ஒரு மாத்திரைதான். அதுகள் மறுபடியும் பெருகலாமாம், மாசக்கணக்கில் ஆகுமாம். அதனால் நாடி பார்க்க வேண்டும், வாரம் ஒருமுறை பெரம்பலூர். எந்த மருந்தும் கேட்காமல் கூடாது. "வந்தா வரட்டும், நம்ம வூட்டு ஆளுங்கதான" என்கிறாள் தனம்.

காலையில் விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். பழக்க தோஷம், "ஆ" என்று வாயைத் திறந்துகொண்டு என் முன்னால் நின்றாள். நாக்கைத் தூக்கிக் கன்னத்தையும் ஒதுக்கினாள்.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏங்க, பாக்கலயா?"