பத்துக்கு மேல் ஒரு கற்பனை

தூரத்தில் இருக்கும் என் மனைவிக்கு, ஆண்டவர் கிருபையால் இன்றும் ஏணி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் உன் வீட்டுக்காரன் எழுதுவது.

நாங்கள் சுகம். முழு சுகம் என்று எழுதினால் பொய் சொல்லக் கூடாது என்று ஆண்டவர் மலைமேல் கட்டளையிட்ட கற்பனையை மீறினவன் ஆவேன். அதனால் பாதி சுகம் என்று வைத்துக்கொள். உன் போன் நாலு மாதமாக அணைந்தே கிடக்கிறது. முன்பு எழுதின மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. நீ அந்தத் தையல் கம்பெனி விடுதியில்தான் இருக்கிறாய், உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் உன் அக்காள் சொன்னாள். அதற்கு மேல் கேட்டால் வாயைத் தைத்துக்கொள்கிறாள். அக்காளும் தங்கையும் ஒரே ஊசி போல.

மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னால் பாதி காற்றுதான் வருகிறது. தலை நானே பின்னி விடுகிறேன். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. "அப்பா, ஏணியில நின்னுக்கிட்டுப் பின்னினியா?" என்று கேட்கிறாள்.

வேலை இருக்கிறது. இப்போது ஒரு டாக்டரம்மா வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். கையகல கலர் அட்டையைப் பார்த்துவிட்டு, சுவர் பூராவும் அடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். "கண்ண மூடி நெனச்சுப் பாருங்கம்மா" என்றேன். "மூடினா இருட்டாத்தான்பா இருக்கு" என்றார். மூன்று தடவை மாற்றியாயிற்று. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எல்லாருக்கும் அப்படி மனசில் பார்க்க வாய்ப்பதில்லை. நான் எங்கேயோ தொடங்கி எங்கேயோ போகிறேன். சொல்ல வந்தது வேறு.

ஞாயிறு பள்ளி டீச்சர் பிரசவத்துக்குப் போயிருக்கிறார். அவர் வருகிற வரைக்கும் பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் சொல்லிப் போதகர் ஐயா என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் படிப்பு ஏது என்றேன். "வாய் இருக்கே, அது போதும்" என்றார். சொத்தைப் பிரித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன இளைய மகன் கதையை எடுத்தேன். அப்பன் தினமும் தெருவைப் பார்த்தபடி நின்றதையும், தூரத்தில் மகன் தலை தெரிந்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினதையும் சொன்னேன். அந்தச் செருப்பு வேதத்தில் இல்லை, நான் போட்டது. அதாவது, போடாமல் விட்டது.

அப்போது நம் மகள் எழுந்து, "அப்பா, அந்த வீட்ல அம்மா எங்க?" என்று கேட்டாள்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஒருநாளும் எனக்கு அது படவில்லை. அப்பன் இருக்கிறார், மகன்கள் இரண்டு பேர், வேலைக்காரர்கள், கன்றுக்குட்டிகூட இருக்கிறது. அம்மா இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது. அந்த அம்மா வெளியூரில் இருக்கிறாள், அப்பன் தெருவைப் பார்த்தது அவளுக்காகவும்தான், விருந்தில் அவளுக்கென்று ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள் என்று சொன்னேன். "அப்ப வந்தாங்களா?" என்று இன்னொரு பிள்ளை கேட்டது. "வந்துக்கிட்டே இருக்காங்க" என்றேன்.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து நம் வீட்டிலும் ஒரு தட்டு கவிழ்ந்திருக்கிறது. நான் வைக்கவில்லை. அவள் வைக்கிறாள். பஸ் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடுகிறாள்.

விஷயம் சபைக் கமிட்டிக்கு எட்டியது. மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கப் பேசுவாரே, நாம் ஒலிபெருக்கி என்கிற கமிட்டிக்காரர், அவர் பேத்தி போய்ச் சொல்லிவிட்டது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போதகர் என்னைக் கூப்பிட்டார். "நீ சொன்னது உன்னோட கற்பனைப்பா" என்றார். "ஐயா, கற்பனை குடுக்க நான் யாரு? அது மலை மேலயே பத்தோட முடிஞ்சுபோச்சே" என்றேன். ஒலிபெருக்கி சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற சைக்கிள் விழுந்தது. அப்புறம் போதகர்தான், இல்லாததை மனசில் உண்டாக்கிக்கொள்வதற்கும் அதே பேர்தான் என்று விளக்கினார். இத்தனை வயதுக்கு அது எனக்குத் தெரியாது.

எனக்கும் ரோஷம் வந்தது. "நீங்க பரலோகத்தப் பத்திப் பிரசங்கம் பண்றீங்களே, பாத்துட்டு வந்தா பண்றீங்க?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பாக்காதத மனசுல பாக்கத் தெரியாதவன் ஜெபமே பண்ண முடியாதுப்பா. ஆனா நீ பாக்கல, வருவாங்கன்னு வாக்கே குடுத்துட்ட. வரலன்னா உன் மக யார் மேல கோவப்படும்? உன் மேலயா, ஆண்டவர் மேலயா?" என்றார். அவர் சொன்னபடி செய்ய ஒத்துக்கொண்டேன். வருகிற ஞாயிறை விட்டு அடுத்த ஞாயிறு, அந்த அம்மா வேதத்தில் இல்லை, நானாகச் சேர்த்தது என்று பிள்ளைகள் முன்னால் சொல்ல வேண்டும். நம் மகள் முதல் வரிசையில் உட்காருவாள்.

அன்றிலிருந்து நிலைகொள்ளவில்லை. நேற்று டாக்டரம்மா வீட்டு சுவிட்சுக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டேன். இதை எழுதுகிறதற்குள் நாலு தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்தேன்.

வாசல் என்றதும் எழுதியே ஆக வேண்டும். வேலைக்கு என்று நீ பெட்டியோடு நின்ற அன்றைக்கு, "போனா இந்த வாசப்படிய மிதிக்காத" என்றேன். அதை நீ கல்லில் வெட்டின கற்பனை போல எடுத்துக்கொண்டாய். அதற்கப்புறம் வா வா என்று நான் எழுதினதெல்லாம் உனக்கு, மனசில் உண்டாக்குகிற அந்த மற்றக் கற்பனை போலத் தெரிகிறதோ என்னவோ. அன்றைக்குச் சொன்னது மலையிலிருந்து வந்ததில்லை. என் வாய்க்கொழுப்பிலிருந்து வந்தது. தப்பு என்னுடையது.

அந்தக் கதையை மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தேன். கடைசியில் மூத்த மகன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் வராமல் நிற்கிறான். அப்பன் வெளியே வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா, இல்லையா என்று எழுதியிருக்கவில்லை. அந்த அப்பன் கெஞ்சுகிறதோடு கதை நின்றுவிடுகிறது. எனக்கு அது போதும். நானும் வெளியே வந்துதான் நிற்கிறேன்.

வருகிறாயானால் ஒரு வரி போடு. வரவில்லை என்றாலும் போடு. மற்றப் பிள்ளைகளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ வரவில்லை என்று நம் மகளிடம் சொல்ல என்னால் ஆகாது. அதை மட்டும் உன் கையால், அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில் எழுதிவிடு.

உன் போக்கைக் காத்த ஆண்டவர் உன் வரத்தையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
வாசலில் நிற்கும்
உன் வீட்டுக்காரன்