தரையில் ஒரு கதவு

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கலவைச் சட்டி சுமந்த நீ நகர மன்றத்தில் உட்காரப் போகிறாய் என்று நினைத்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. அரசு வீட்டுப் பட்டியலில் ஒன்பது வருடமாகக் காத்திருக்கிறோம். இனி எங்களுக்கும் கேட்க ஒரு ஆள் உண்டு.

இவர் எங்கள் ஒற்றை அறைத் தரையில் சாக்பீஸால் வீடு வரைந்துவிட்டார். கூடம், சமையலறை, ஒரு ஜன்னல். மகள் கதவுக் கோட்டில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறாள். ஜன்னலோரம் படுத்தால் காற்று வருகிறது அக்கா, சத்தியமாக!

உன் தங்கை

மார்ச் 20

என் கண்ணு,

இங்கே நாற்காலி சுழல்கிறது. உட்கார்ந்தால் தலையும் சுழல்கிறது. வீடு என்று ஒருத்தரும் சொல்வதில்லை, "அலகு" என்கிறார்கள். நேற்று எழுந்து, "ஐயா, அலகு கிளிக்குத்தான் இருக்கும். எங்க ஜனங்களுக்கு வேணுங்கிறது வீடு" என்றேன். சிரித்தார்கள்.

அந்த ஜன்னலை அழித்துவிடாதே. நிஜ ஜன்னல் வாங்கித் தருவது என் பொறுப்பு.

அக்கா

செப்டம்பர் 9

அக்கா,

நீ மன்றத்துக்குப் போய் மூன்று வருடம் ஓடிவிட்டது. கடைசியாகப் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. வேலை தலைக்கு மேல் இருக்கும், தெரியும். அறைக்காரர் மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்கிறார். பட்டியல் நகர்கிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்.

மகள் கேட்கிறாள்: "தரையில இருக்கிற வீட்ட எப்படிம்மா எடுத்துட்டுப் போறது?"

தங்கை

செப்டம்பர் 25

அன்புத் தங்கைக்கு,

இவ்வாண்டு ஒதுக்கீட்டில் நாற்பது அலகுகளே உள்ளன. உங்கள் குடும்பத்துக்கான அலகு அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும். சொந்தத் தங்கைக்குச் சலுகை காட்டினால் என் பெயர் கெடும். புரிந்துகொள்.

அக்கா

அக்டோபர் 14

அக்கா,

சலுகையா கேட்டேன்? உன் கடிதத்தில் வீடு என்ற சொல் எங்காவது இருக்குமா என்று திரும்பத் திரும்பத் தேடினேன். அலகுதான் கொத்தியது.

புது அறை இன்னும் சின்னது. இவர் அதே வீட்டை நெருக்கி வரைந்திருக்கிறார். போன ஞாயிறு தெருக்காரர்கள் வந்து கோட்டுக்கு வெளியே நின்றார்கள். "அடுத்த தேர்தல்ல நீ நில்லும்மா" என்றார்கள். உன் வார்டுதான். சரி என்றேன்.

கோபம் இல்லை என்றால் பொய். பாசம் இல்லை என்றாலும் பொய்தான். ஒருநாள் வா. ஜன்னல் அப்படியே இருக்கிறது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வா. தரையில் இருக்கிற கதவு. தட்டுவதற்குக் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும்.

உன் தங்கை