அண்ணன் கேசட்டின் முதல் இருபது வினாடி

6.10.03 திங்கள்
வெயில். மில்லில் லீவு. பரணிலிருந்து அண்ணனின் கம்ப்யூட்டரை இறக்கினேன். டிவியில் மாட்டுகிற பழைய ரகம். புரோகிராம் எல்லாம் கேசட்டில் கீச்சுச் சத்தமாகப் பதிந்திருக்கும்; டேப் ரிக்கார்டரை ஒயரில் இணைத்து ஏற்ற வேண்டும். அண்ணன் இறந்து நாலு வருஷம். ஞாயிறு அன்று மதினி மணியாச்சியிலிருந்து வருகிறார்கள். "அவிய எனக்குன்னு போட்டு வச்சது அதுல இருக்கு தம்பி. ஓட வச்சுக் குடுங்க." தீக்குச்சி விளையாட்டு. 21 குச்சி, கடைசிக் குச்சியை எடுப்பவருக்குத் தோல்வி.

கீபோர்டு முழுக்கச் சந்தனம். ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை அம்மா வைத்த பொட்டு, உள்ளே இறங்கிக் காய்ந்து கிடக்கிறது.
"இதுக்கெல்லாமா பொட்டு வைப்பாங்க?"
"ஏலே, உன் மில்லு மெஷினுக்கு வைக்கலாம், அவன் பொட்டிக்கு வைக்கக் கூடாதோ?"

7.10 செவ்வாய்
மேகம் மட்டும். ஸ்பிரிட், பஞ்சு, 9 வோல்ட் அடாப்டர், கப்பாசிட்டர் 2. கடை அண்ணாச்சி: "இதத் தூரப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்லா?" எரிச்சல்.

8.10 புதன்
கரண்ட் இரண்டு முறை போனது. மாலையில் திரையில் எழுத்து! ஆனால் கேசட் ஏறவில்லை. கோளாறு எதில்? ஏதாவது பதிந்து, திரும்ப ஏற்றினால் தெரியும். வெற்று கேசட் இல்லை. பஜார் போகப் பொறுமையும் இல்லை. அண்ணன் கேசட்டில் முதல் இருபது வினாடி திரை அசையவில்லை, அதன் பிறகுதான் கோடுகள் ஓடின. காலி. அதிலேயே பதிந்தேன். ஏறியது. கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. அப்படியென்றால் டேப் ஹெட் கோணல்தான். திருகைக் கொஞ்சம் திருப்பியதும் குச்சி விளையாட்டும் ஏறிவிட்டது. மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி.

10.10 வெள்ளி
மதினிக்கு போன். "ஓடுது மதினி."
"அவிய சத்தம் கேக்கா?"
"என்ன சத்தம்?"
"முதல்ல அவிய பேசுவாவ. 'செல்வி, இருபத்தொரு குச்சி, தோத்துருவ பாரு'ன்னு. அதுக்கப்புறந்தான் அந்தக் கீச்சுச் சத்தம்."

கம்ப்யூட்டர் ஒயரைச் சொருகினால் டேப்பின் ஸ்பீக்கர் ஊமை. நான் காதால் கேட்கவே இல்லை. பிடுங்கிவிட்டுப் போட்டேன். என் சோதனை இரைச்சல். பிறகு "...ருவ பாரு." அவ்வளவுதான்.

அண்ணன் குரலுக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம், சாதாரண டேப்பிலேயே கேட்டிருக்கலாம். மதினிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

11.10 சனி
வெற்று கேசட் இரண்டு. பஜார் போய்வரக் கால் மணி நேரம்.

12.10 ஞாயிறு
மதினி பாசஞ்சரில் வந்தார்கள். திரையைப் பார்க்கவில்லை. டேப் பக்கம் காதைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போட்டேன்.
"முன்னால உள்ளது எங்க?"
"நான் அழிச்சிட்டேன் மதினி."
அம்மா வைத்த காப்பி ஆறியது.
"இன்னொருக்கா போடுங்க தம்பி."
போட்டேன். இன்னொருக்கா. எண்ணவில்லை. கடைசி முறை, இரைச்சல் ஓடும்போதே மதினி மெல்ல ஆரம்பித்தார்கள்: "செல்வி, இருபத்தொரு குச்சி, தோத்து—"
"...ருவ பாரு."