கூழாங்கொல்லைச் சுனை இணைப்பை வெட்ட வேண்டாம் எனக் கோரும் மனு

அனுப்புநர்
சி. இளவழகன்,
த/பெ சின்னக்குழந்தை,
மேல்கொல்லை, கூழாங்கொல்லை ஊராட்சி,
காவலூர் வழி, ஜவ்வாது மலை,
திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பத்தூர்.

பொருள்: கூழாங்கொல்லை ஊராட்சி – குடிநீர்த் தொட்டியில் பொருத்தப்பட்டுள்ள சுனை இணைப்பை அகற்றும் நடவடிக்கையை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஊராட்சி நிர்வாகத்தில் தாங்கள் தலையிட வேண்டி நான் சென்ற ஆண்டு கொடுத்த மனு.
2. பொறுப்பு அலுவலரை நியமித்த தங்கள் ஆணை.
3. இணைப்பை அகற்றச் சொல்லி எனக்கு வந்துள்ள அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் இயந்திரவியல் பட்டயம் படித்து மோட்டார், பைப்லைன் வேலை செய்பவன். நீட்டி முழக்க எனக்கு வராது. ஆகவே கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். எங்கள் ஊர்த் தொட்டியில் நான் போட்ட முக்கால் அங்குல இணைப்பை வருகிற வெள்ளிக்கிழமை வெட்டப் போகிறார்கள். வெட்டினால் அன்று மாலையே மேல்கொல்லையில் அத்தனை வீட்டுக் குழாயும் மூடிவிடும். தயவுசெய்து நிறுத்துங்கள். காரணம் கீழே.

1. எங்கள் ஊராட்சியில் இரண்டு சிற்றூர்கள். மலைச்சரிவில் மேலே இருப்பது மேல்கொல்லை, கீழே இருப்பது கீழ்கொல்லை. ஊராட்சித் தலைவர் திரு. கோபால்சாமி கீழ்கொல்லைக்காரர். துணைத் தலைவர் திருமதி. நீலாவதி மேல்கொல்லைக்காரர். எந்த வேலை நடக்கவும் இருவர் கையெழுத்தும் ஒன்றாக வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. இருவரும் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. ஒருவர் கையெழுத்துப் போட்ட தாளை மற்றவர் தொட மாட்டார். மோட்டார் எரிந்து கிடந்தது. மேல்கொல்லைக்குப் போட வேண்டிய குழாய்கள் அலுவலகத்துக்குப் பின்னால் கிடந்து, ஓணான்கள் அதில் குடித்தனம் நடத்தின. தெருவிளக்கு எரியவில்லை என்று கேட்டதற்குத் தலைவர், "பக்கத்துல காவலூர்ல நட்சத்திரம் பாக்கறாங்க, அவங்களுக்கு இருட்டு வேணும்பா" என்று சமாதானம் சொன்னார்.

2. சண்டைக்குக் காரணம் தண்ணீர். எங்கள் மலையில் ஆடி மாதக் காளியம்மன் பொங்கலுக்கு முதல் பானைத் தண்ணீர் மேல்கொல்லைச் சுனையிலிருந்து வர வேண்டும். புதுக்குடத்தில் மொண்டு, வழியில் எங்கும் இறக்கி வைக்காமல், மேல்கொல்லைப் பெண்கள் கொண்டு வருவார்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடிப் பொங்கலன்று மழை. பாறை வழுக்கியதால் அவர்கள் வர நேரமாகிவிட்டது. கோயிலில் காத்திருந்த தலைவர், "நேரமாவுதுப்பா, மோட்டார் தண்ணிய ஊத்தி வைங்க. தண்ணில இன்னா வித்யாசம் கீது?" என்று சொல்லி, பொங்கலை வைத்துவிட்டார். அது பொங்கி வழிந்து முடிந்த பிறகு குடங்களோடு வந்து நின்றவர் நீலாவதி அம்மாள். குடத்துத் தண்ணீரை ஊர் எல்லையில் ஊற்றிவிட்டு, "உங்க மோட்டார் தண்ணி உங்களுக்கே இருக்கட்டும். எங்க ஊர்ல ஒரு வூட்லயும் அது நுழையாது" என்று சொல்லித் திரும்பிவிட்டார். சென்ற ஆடியில் ஒரே அம்மனுக்கு ஊரில் இரண்டு பொங்கல் வைத்தார்கள்.

3. பார்வை ஒன்றில் கண்ட மனுவை நான் கொடுத்ததும் தாங்கள் தாமதிக்காமல், இருவரின் கையெழுத்து அதிகாரத்தையும் கொடுத்துப் பொறுப்பு அலுவலரை நியமித்தீர்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர் நல்ல வேலைக்காரர். மலைப்பாதை வளைவுகளில் ஜீப்பை இரண்டு இடத்தில் நிறுத்தி இறங்கி, வயிற்றைச் சரிப்படுத்திக்கொண்டு, மேலே வந்ததும் நேராக மோட்டார் அறைக்குத்தான் போவார். மோட்டாரைச் சரி செய்தார். ஓணான்களை வெளியேற்றிக் குழாயை எடுத்துப் போட்டார். சித்திரைக்குள் மேல்கொல்லையில் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. தெருவிளக்கும் எரிகிறது. தங்கள் ஆணையால் வந்த நன்மை இது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

4. ஆனால் குழாயை யாரும் திறக்கவில்லை. கீழ்கொல்லை ஆழ்துளைக் கிணற்றில் இறைத்து, மேல்கொல்லைக்கு மேலே பாறையில் உள்ள தொட்டியில் ஏற்றி, அங்கிருந்து இரண்டு ஊருக்கும் விடுவது அவருடைய திட்டம். கணக்கு சரி, அழுத்தம் சரி. பொங்கல் விவகாரம் மட்டும் அவருக்குத் தெரியாது. நான் மனுவில் எழுதவில்லை. நிர்வாகச் சீர்கேடு என்று மட்டும் எழுதினேன். தொட்டி நிரம்பி வழிந்து, ஓடையில் இறங்கி, கோபால்சாமி களத்தில் காய வைத்திருந்த புளியை நனைத்தது. தண்ணீர் விட்டதற்காகத் தன் ஊராட்சியையே திட்டிய ஒரே தலைவர் எங்கள் தலைவர்தான். மேல்கொல்லையில் சிலர் குழாயைத் திறந்து மாட்டுக்கு மட்டும் காட்டினார்கள். மாடு குடித்தது. அதற்குப் பொங்கலில் நடந்தது தெரியாது.

5. மக்கள் தண்ணீர் பிடிப்பதில்லை என்று மேலிடத்துக்குத் தகவல் போய், விழிப்புணர்வு முகாம் நடத்த ஒரு வேன் வந்தது. "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம்" என்று பேனர் கட்டினார்கள். குழாயையே திறக்காத ஊரை விடச் சிக்கனமான ஊர் இந்த மாவட்டத்தில் இருக்காது ஐயா. வந்தவர்களுக்கு எங்கள் பெண்கள் சுனைத் தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள்.

6. எனக்குப் பொறுமை போனது வேறொரு காரணத்தால். என் அண்ணி தேவிக்கு இது நிறைமாதம். சுனைக்கு ஏறி இறங்கக் கூடாது என்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் சொல்லிவிட்டார். வாசலிலேயே குழாய் இருக்கிறது, திறங்கள் என்றேன். "நான் மட்டும் புடிச்சா ஊர் இன்னா பேசும்? போ தம்பி" என்று குடத்தை எடுத்துக்கொண்டு பாறை ஏறப் போனார். குடத்தைப் பிடுங்கிக்கொண்டு நான் ஏறினேன். மறுநாள் நான் வாணியம்பாடிக்குப் போயிருந்தேன். அவர் ஏறியிருக்கிறார்.

7. அன்று மாலையே தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் மீட்டருடன் நீலாவதி அம்மாள் வீட்டுக்குப் போனேன். ஒரு டம்ளரில் சுனைத் தண்ணீர், இன்னொன்றில் குழாய்த் தண்ணீர். இரண்டையும் அளந்து, இரண்டும் குடிக்க உகந்தவை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மீட்டரே குடிக்கட்டும் தம்பி" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க சுனைத் தண்ணியையும் அதே டேங்க்ல கொண்டாந்து வுட்டா குடிப்பீங்களா?" என்று குத்தலாகத்தான் கேட்டேன். அதற்கு அவர், "அது வேற பேச்சு" என்றார்.

8. உடனே கீழ்கொல்லைக்குப் போனேன். தலைவர் முழுவதும் கேட்டுவிட்டு, "டேங்க்ல சுனைத் தண்ணி இருந்தா, அன்னைக்கு நான் ஊத்தினதும் தப்பில்லன்னு ஆயிடுமா?" என்றார். ஆகாதுங்க, இனிமேல் ஊற்றுவதற்குத்தான் என்றேன். "சரி, புளியாவது நனையாம இருக்கட்டும்" என்று தலையாட்டினார். வாணியம்பாடியில் பைப் கடை வைத்திருக்கும் உமர் ஃபாரூக் பாய் கடையில் மிச்சக் கறுப்புக் குழாயை வாங்கி வந்து, சுனையில் வழிந்து போகும் தண்ணீரைத் தொட்டிக்குப் போகும் குழாயில் சேர்த்தேன். சுனை தொட்டியை விட உயரம். மோட்டார் தேவையில்லை. மோட்டார் தண்ணீர் சுனைக்கு ஏறாதபடி ஒருவழி வால்வும் போட்டிருக்கிறேன். அது இல்லாவிட்டால் இன்னொரு இரண்டு வருடச் சண்டைக்கு நானே குழாய் போட்டது போல ஆகியிருக்கும்.

9. இணைப்புக் கொடுத்த அன்று தொட்டி ஆபரேட்டர் பாஞ்சாலை மேல்கொல்லை வால்வைத் திறந்தார். முதல் குடம் நீலாவதி அம்மாள் பிடித்தார். வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, "பிளீச்சிங் நாத்தம் அடிக்குது, ஆனா நம்ம தண்ணிதான்" என்றார். அவ்வளவுதான். தெரு முழுவதும் குழாய் திறந்துகொண்டது. அண்ணி இப்போது வாசலில் உட்கார்ந்தபடியே தண்ணீர் பிடிக்கிறார். குடம் நிரம்பினால் எடுத்து வைக்க என்னைத்தான் கூப்பிடுகிறார். அந்த வேலையில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

10. இங்கேதான் பொறுப்பு அலுவலரோடு எனக்குத் தகராறு. தொட்டியைப் பார்வையிட வந்தவர், இந்தக் குழாயால் தொட்டி நிரம்புமா என்று கேட்டார். நிரம்பாது என்றேன். பின் எதற்கு என்றார். குடிப்பதற்கு என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்துவிட்டார். அரசுச் சொத்தில் அனுமதி இல்லாமல் கை வைத்தது குற்றம், சுனை நீர் பரிசோதிக்கப்படாதது, திட்ட மதிப்பீட்டில் இப்படி ஒரு இணைப்பே இல்லை என்று அறிவிப்பு கொடுத்தார். மூன்றும் உண்மை. அனுமதி வாங்காமல் செய்தேன். அனுமதி வருவதற்குள் அண்ணி எத்தனை தடவை பாறை ஏறுவார் என்பதுதான் என் கவலையாக இருந்தது. சுனை நீரை அதன் பிறகு அரசு ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்துவிட்டேன். குடிக்க உகந்தது என்ற சான்று இணைத்துள்ளேன். அதுவும் தொட்டியில் கலந்து பிளீச்சிங் பட்ட பிறகுதான் குழாய்க்கு வருகிறது.

பொறியாளர்களின் கணக்குப்படி இந்த இணைப்பு தேவையே இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கோடையில் சுனையிலிருந்து சுண்டுவிரல் தடிமனுக்குக்கூடத் தண்ணீர் வருவதில்லை. எனக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் பார்த்தால் மதிப்பெண்ணைக் குறைப்பார். ஆனால் இது வரும் வரையில் அரசு போட்ட முழுத் திட்டமும் மாட்டுக்குத்தான் பயன்பட்டது. எந்தக் கணக்கில் இதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

11. கடந்த வியாழக்கிழமை அலுவலர் பிளம்பரோடு வெட்ட வந்தார். நான் தடுக்கவில்லை. ஒதுங்கி நின்று பார்த்தேன். கீழேயிருந்து கோபால்சாமி மூச்சு வாங்க ஏறி வந்தார். மேலேயிருந்து நீலாவதி அம்மாள் இறங்கி வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், குழாயின் இரண்டு பக்கமும் பாறையில் உட்கார்ந்துவிட்டார்கள். தலைவர் அலுவலரைப் பார்த்து, "சார், அந்தம்மா தண்ணிய வெட்டினா, திரும்ப என் புளி நனையும். நான் வுட மாட்டேன்" என்றார். நீலாவதி அம்மாள் பிளம்பரைப் பார்த்து, "அவரு சொல்றது சரிதாம்ப்பா, ரம்பத்த உள்ள வை" என்றார். ஊரே சிரித்துவிட்டது. அலுவலரும் ஜீப்பில் ஏறும்போது சிரித்ததைப் பார்த்தேன். ஆனாலும் விதி விதிதானே. தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகச் சேர்ந்து பணியைத் தடுத்தார்கள் என்று எழுதி, வெள்ளிக்கிழமை காவல் துணையோடு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

அந்த அறிக்கை தங்கள் மேசைக்கு வரும். அதை ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில் சேர்க்காமல், இருவரும் ஒன்றாக வந்ததற்கான வருகைப் பதிவாக எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். இரண்டு வருடத்தில் எங்கள் ஊராட்சி எடுத்த ஒருமித்த முடிவு அது ஒன்றுதான்.

ஆகவே ஐயா அவர்கள்,

அ) சுனை இணைப்பை வெட்டும் நடவடிக்கையை நிறுத்தி, தங்கள் பொறியாளர் ஒருவரை அனுப்பிச் சோதித்து, அதற்கு முறையான அனுமதி கொடுக்க வேண்டும். வால்வு தரமில்லை என்றால் நல்ல வால்வு போடட்டும். சந்தோஷம்.

ஆ) அனுமதியின்றி செய்ததற்கு என் மீது என்ன நடவடிக்கையோ எடுங்கள். ஏதாவது வேலை கொடுத்துத் தண்டித்தால் செய்கிறேன். கீழ்கொல்லைப் பள்ளிக்கூட மோட்டார் சத்தம் போடுகிறது, அதையே கொடுக்கலாம்.

இ) பொறுப்பு அலுவலரை உடனே திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டாம். அவர் இருப்பதால்தான் இருவரும் ஒரு பக்கம் நிற்கிறார்கள். வருகிற ஆடிப் பொங்கல் ஒரே பானையில் பொங்கட்டும். அதன் பிறகு கையெழுத்து அதிகாரத்தை இருவரிடமும் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பொங்கலுக்கு அவரையும் அழைத்திருக்கிறோம்.

தாங்களும் ஒரு நாள் மலைக்கு வர வேண்டும். ஊராட்சி அலுவலக வாசல் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு, இது மேல்கொல்லைத் தண்ணீர், இது கீழ்கொல்லைத் தண்ணீர் என்று தங்களால் பிரித்துச் சொல்ல முடிந்தால், அந்த இணைப்பை நானே வெட்டிவிடுகிறேன்.

நல்ல முடிவை எதிர்பார்த்து,

இப்படிக்கு,
சி. இளவழகன்

நாள்: 16.06.2025
இடம்: மேல்கொல்லை

இணைப்பு: ஆய்வகச் சான்று, குழாய்ப் பாதையின் வரைபடம்.

மேற்கண்டவை உண்மை என உறுதி செய்து, இணைப்பை வெட்ட வேண்டாம் எனக் கோருகிறோம்:

கோபால்சாமி, ஊராட்சித் தலைவர்          நீலாவதி, ஊராட்சித் துணைத் தலைவர்

குறிப்பு: முதலில் யார் கையெழுத்துப் போடுவது என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. ஆகவே ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டுக் கொடுத்து, இரண்டு பேனாவும் கொடுத்தேன். ஒரே தாள்தான். ஐயா பார்த்துக்கொள்ளலாம்.