வரும் காசுக்கு எதற்கு ரகசிய எண்?

வெள்ளிக்கிழமை, இரவு

இணையத்தில் வாங்கிய மிக்சி உடைந்து வந்திருந்தது. அங்கேயே தேடிக் கிடைத்த ஒரு எண்ணில் புகார் சொன்னேன். பணத்தைத் திருப்பித் தருவதாக மாலையில் ஒருவன் அழைத்து, க்யூஆர் படம் அனுப்பினான். ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடப் போனேன். சாமி விளக்கு ஏற்றிவிட்டு வந்த மனைவி செல்வி என் கையைப் பிடித்தாள்.

"இன்னாங்க, வெள்ளிக்கிழமை விளக்கு வச்சப்புறம் காசு வெளிய போவக்கூடாது."

"போவல, வருது."

"வர்ற காசுக்கு நம்பர் எதுக்கு? நம்ம கடையில நாள் பூரா வருதே, ஒரு தடவயாவது போட்டிருக்கீங்களா?"

செஞ்சி கடைத்தெருவில் க்யூஆர் அட்டை மாட்டிக்கொண்டு வியாபாரம் செய்கிறவன் நான். ஒரு தடவைகூடப் போட்டதில்லை. "சீக்கிரம் போடுங்க சார்" என்று போனில் இருந்தவன் அவசரப்படுத்தினான். செல்வி போனைப் பிடுங்கினாள்.

"நாளைக்குக் கடைக்கு வந்து நேர்ல குடுத்துட்டுப் போ."

உடனே வைத்துவிட்டான். அப்புறம்தான் திரையைச் சரியாகப் பார்த்தேன். 'செலுத்தவும்' என்று இருந்தது.

அவளுக்குப் போன் விவரம் பத்தாது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! நாளைக்குக் கடைத்தெரு முழுக்க இதைச் சொல்லப்போகிறேன். என் மானம் போனால் போகட்டும். அவள் கேட்ட கேள்வி ஊருக்கே தெரியட்டும்.