அமாவாசைக்கு மூடிய வெப்சைட்

அன்புள்ள அம்மாவுக்கு,

புனேயில் நான் சுகம். உன் முட்டி வலி குறைந்ததா?

கணினி தெரியாதவர்களும் தங்கள் வெப்சைட்டைத் தாங்களே நடத்த, எளிய மென்பொருளாகப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. நம் தெரு கோதண்டபாணி மாமாவின் பட்டுக்கடைக்கும் கொடுத்தேன். நேற்று அந்த வெப்சைட்டையே காணவில்லை. மேலாளர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். மாமாவுக்குப் போன் செய்தேன்.

"அமாவாசைப்பா! தறிக்கே லீவு வுட்டுட்டோம், இது மட்டும் ஓடலாமா? நான்தான் மூடினேன். ஒரே பட்டன், சுளுவா இருக்குது."

அப்பாவுக்கு நீ படைத்திருப்பாய். நான் காலையிலேயே கேன்டீனில் முட்டை தின்றிருந்தேன்.

படையலுக்கு வாழைக்காய்ப் பொரியல் எப்படிச் செய்வாய் என்று எழுது.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பட்டனை எடுத்துவிடச் சொல்கிறார் மேலாளர். நான் எடுக்கப்போவதில்லை. மாமா மூடினால்தான் இங்கே எனக்கு அமாவாசை தெரிகிறது.

கலைவாணன்